பஞ்சப்பூர் வந்ததால சென்ட்ரல் பக்கம் படுத்துடுமா, பஞ்சப்பூர்ல இடம் வாங்கலாமா?

சித்தப்பா ராக்கின்ஸ் ரோடு பக்கத்துல ஜூஸ் கடை வச்சிருக்காரு, திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து வெளியூர் பஸ்ஸெல்லாம் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனதுலேர்ந்து யாவாரம் பாதியாயிடுச்சு, கடையை அங்க மாத்தலாமா, அப்புறம் கையில இருக்குற 18 லட்சத்துக்கு அந்தப் பக்கமே ஒரு பிளாட் (காலி மனை) வாங்கிப் போட்டு வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் வேற வேற கேள்வி தம்பி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் திருச்சில நிறைய பேர் காசை விட்டிருக்காங்க. நான் இந்த ஊர்ல 24 வருஷமா கட்டட வேலை பாக்குறவன், மொதல்ல சைட் சூப்பர்வைசர், இப்ப சொந்தமா பிளான் போட்டு அப்ரூவல் வாங்கி வீடு கட்டிக் குடுக்குறேன், அதனால எனக்குத் தெரிஞ்சதை கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையாப் படிங்க.

மொதல்ல பஞ்சப்பூர் என்னன்னு சுருக்கமா. 2021 டிசம்பர் 30ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் வந்து ஸ்மார்ட் சிட்டில புதுசாக் கட்டுன சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் திறந்து வச்சாரு, அன்னிக்கேதான் பஞ்சப்பூருக்கும் அடிக்கல். மதுரை ரோட்ல, மாநகராட்சிக்குச் சொந்தமான இடத்துல, 40 ஏக்கர் சொச்சம், 408 கோடி ரூபா. 2025 மே 9ஆம் தேதி திறப்பு விழா நடந்துச்சு, ஆனா பஸ் ஓட ஆரம்பிச்சது ஜூலை 16லேர்ந்துதான். கீழ வெளியூர் பஸ், மாடில டவுன் பஸ், லிஃப்ட், எஸ்கலேட்டர், வண்டி நிறுத்த இடம்னு வசதியில குறை சொல்ல ஒண்ணுமில்ல. சென்ட்ரல்ல மழை பேஞ்சா முழங்கால் தண்ணில பெட்டியைத் தலைல வச்சிக்கிட்டு பஸ் தேடுனவங்களுக்குத் தெரியும் இதோட அருமை. பழைய ஸ்டாண்டுக்குள்ள இடமில்லாம பாதி பஸ் ரோட்லயேதான் நிக்கும், தீபாவளி பொங்கல்னா வில்லியம்ஸ் ரோட்ல நடக்கவே முடியாது. அதனால மாத்துனது தப்புன்னு சொல்ற கட்சி நான் கிடையாது, முப்பது வருஷம் முன்னாடியே பண்ணிருக்கணும்.

ஆனா சித்தப்பா கடை விஷயத்துக்கு வசதி முக்கியமில்ல. பழைய ஸ்டாண்டு யாவாரத்துக்கு நல்லாருந்ததுக்கே காரணம் அது மோசமா இருந்ததுதான்! சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். உள்ள உக்கார இடமில்ல, நிக்க நிழலில்ல, பஸ் எங்க வந்து நிக்கும்னு தெரியாது, அதனால ஜனங்க வெளியில கடை வாசல்ல நின்னாங்க, நிக்குறவன் சும்மா நிக்க முடியாம ஒரு டீ, ஒரு சாத்துக்குடி ஜூஸ், பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். நாலு பக்கமும் ரோடு, எந்தப் பக்கம் வேணாலும் உள்ள வரலாம் வெளிய போலாம், ஜங்ஷன்ல ரயில் இறங்கி நடந்து வர்றவன், கோர்ட்டுக்கு வந்தவன், கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வர்றவன், ஆஸ்பத்திரிக்கு வந்தவன் எல்லாம் அந்தத் தெருக்கள்லதான் கலைஞ்சு போவான். பஞ்சப்பூர் அப்படி கிடையாது. பஸ் ஹைவேஸ்லேர்ந்து நேரா காம்பவுண்டுக்குள்ள போகுது, ஆளை இறக்கி விடுது, அவன் அப்படியே மாடி ஏறி டவுன் பஸ் பிடிச்சுப் போயிடுறான், இல்லன்னா பார்க்கிங்ல வண்டி எடுத்துக்கிறான். காம்பவுண்டுக்கு வெளிய ரோட்ல கால் வைக்க வேண்டிய அவசியமே ஒரு பயணிக்கு இல்ல. அப்போ வெளிய மெயின் ரோட்ல "பஸ் ஸ்டாண்ட் எதிர்ல கடை வாடகைக்கு"ன்னு போர்டு பாத்து அட்வான்ஸ் குடுத்தா யாருக்கு ஜூஸ் போடுவாரு? எதிர்ல இருக்குறது நாலு வழிச் சாலை, அதைத் தாண்டி எவனும் ஜூஸ் குடிக்க வர மாட்டான்.

உள்ள கடை எடுக்கலாமேன்னா, எடுக்கலாம், ஏலத்துல வாடகை எவ்வளவுக்குப் போகுதுங்கிறதைப் பொறுத்து. புது கட்டடம்னா ஆசைல ஏத்தி கேட்டுட்டு ஆறு மாசத்துல சாவியைத் திருப்பிக் குடுத்தவங்களை நான் பாத்திருக்கேன். இன்னொரு விஷயம், எல்லாக் கடையும் ஒரே மாதிரி கிடையாது. டவுன் பஸ்ஸுக்கு ஏறுற எஸ்கலேட்டர் வாயில ஒரு கடைக்கும், அந்தக் கடைசில கழிப்பறை தாண்டி இருக்குற கடைக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சித்தப்பாவை ஒரு வாரம், காலைல ஒரு நாள், ராத்திரி 9 மணிக்கு மேல ஒரு நாள், ஞாயிறு சாயங்காலம் ஒரு நாள்னு போய் உக்கார சொல்லுங்க, எந்தத் தூணைச் சுத்தி ஆள் நிக்குதுன்னு எண்ணிட்டு வரச் சொல்லுங்க. பேப்பர்ல வர்ற "தினமும் இத்தனை ஆயிரம் பயணிகள்" கணக்கு அவருக்கு உதவாது, அவர் கடை முன்னாடி எத்தனை பேர் நிக்குறாங்கங்கிறதுதான் கணக்கு.

இப்ப நான் சொல்ல வர்ற மெயின் மேட்டர். பஸ்ஸை நகர்த்துறது சுலபம், ஏன்னா அது அரசாங்கத்து கையில இருக்கு. நாளைலேர்ந்து இங்க நிக்காதேன்னு ஒரு ஆர்டர் போட்டா டிரைவர் கண்டக்டர் அங்க போயிடுவாங்க, பயணி வேற வழியில்லாம பின்னாடியே போவான். யாவாரம் யார் கையிலயும் இல்ல, அதுக்கு ஆர்டர் போட முடியாது. இதுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு, பஞ்சப்பூர் தாண்டி அதே மதுரை ரோட்ல இன்னும் கொஞ்ச தூரம் போனா கள்ளிக்குடி.

காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைக்கணும்னு கள்ளிக்குடில 77 கோடி போல செலவு பண்ணி மத்திய காய்கறி மார்க்கெட் கட்டுனாங்க, 2017ல திறந்தாங்க. அழகான கட்டடம், லாரி வந்து நிக்க இடம், குளிர்பதனக் கிடங்கு. போனவன் யாரு? காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரிங்க மாட்டேன்னுட்டாங்க. கடை சின்னது, மூட்டை அடுக்க முடியாது, ஊருக்கு வெளிய இருக்கு, சில்லறை வியாபாரி காலைல மூணு மணிக்கு அங்க வந்து சரக்கு எடுத்துட்டு ஊருக்குள்ள திரும்ப வண்டி வாடகை குடுக்கணும்னு அவங்க சொன்ன காரணம் எதுவும் பொய் இல்ல. 2020 கொரோனா அப்போ காந்தி மார்க்கெட்டையே மூடிட்டாங்க, சரி இப்பவாவது கள்ளிக்குடிக்குப் போவாங்கன்னு பாத்தா எல்லாரும் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துல வெட்டவெளில கொட்டகை போட்டு வித்தாங்களே தவிர அங்க போகல. கேஸு ஹைகோர்ட் மதுரை கிளை வரைக்கும் போச்சு, கடைசில அந்த வருஷம் நவம்பர் வாக்குல திரும்ப காந்தி மார்க்கெட்டே திறந்துட்டாங்க. ஏன் போகலைங்கிறதை கட்டடத்துக்குள்ள தேடாதீங்க. காந்தி மார்க்கெட் யாவாரம் அந்த நாலு சுவத்துக்குள்ள மட்டும் இல்ல. சுத்தி இருக்குற பெரிய கடைவீதி, வெங்காய மண்டி, சுமை தூக்குறவங்க, காலைல கடன் குடுத்துட்டு சாயங்காலம் வசூல் பண்ற ஆள், சாக்கு தைக்கிறவன், அவனுக்கு டீ விக்கிறவன், எல்லாம் சேர்ந்த ஒரு முடிச்சு அது. ஒரு நூலை மட்டும் அவுத்து ஊருக்கு வெளிய கொண்டு போய் கட்ட முடியாது.

இப்ப பஞ்சப்பூர்ல பஸ் ஸ்டாண்ட் திறந்த அன்னிக்கே 236 கோடில இன்னொரு காய்கனி மார்க்கெட்டுக்கு அடிக்கல் வச்சிருக்காங்க. கள்ளிக்குடி பாடம் படிச்சிட்டு கடை அளவுலேர்ந்து வியாபாரிங்களைக் கேட்டுக் கட்டுனா தேறும், இல்லன்னா அதே ரோட்ல ரெண்டாவது காலி மார்க்கெட். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்குறது ஒரு பிளஸ், ஒத்துக்கிறேன்.

சரி, பயணி பின்னாடியே போவான்னு சொன்னேன்ல, அதுலயும் ஒரு திருத்தம் இருக்கு. அவன் முழுசாப் போக மாட்டான், வழில எங்க இறங்குனா தனக்கு லாபமோ அங்க இறங்கிடுவான். சென்னைலேர்ந்து வர்ற பஸ் எப்படி வருது, நம்பர் ஒன் டோல்கேட், சஞ்சீவி நகர், பால்பண்ணை, ஜி கார்னர், டிவிஎஸ் டோல்கேட், மன்னார்புரம், அப்புறம்தான் பஞ்சப்பூர். ஸ்ரீரங்கத்துக்காரன் எதுக்கு பஞ்சப்பூர் வரைக்கும் போய் திரும்ப அவ்வளவு தூரம் வரப் போறான், நம்பர் ஒன் டோல்கேட்லயே குதிச்சிடுவான். கே.கே.நகர், ஏர்போர்ட் பக்கம் போறவன் டிவிஎஸ் டோல்கேட். தஞ்சாவூர்லேர்ந்து வர்றவனும் அதே மாதிரிதான் திருவெறும்பூர், பால்பண்ணைன்னு பிரிஞ்சிடுறான். அப்ப பழைய சென்ட்ரல்ல இறங்குன கூட்டம் இப்ப ஒரே இடத்துல இல்ல, அஞ்சாறு இடத்துல சிதறிக் கிடக்குது. விடியக்காலை நாலு மணிக்கு மன்னார்புரம் ரவுண்டானாகிட்டயும் டிவிஎஸ் டோல்கேட்லயும் போய் நின்னு பாருங்க, ஆட்டோ எத்தனை நிக்குது, டீக்கடை எத்தனை திறந்திருக்குன்னு. என்னைக் கேட்டா உங்க சித்தப்பாவோட பழைய கஸ்டமர்ல பாதிப் பேர் பஞ்சப்பூர்ல இல்ல, அங்கதான் இருக்காங்க.

இதுல ஒரு கவலையும் உண்டு. அந்த ஜி கார்னர் பாலத்து தடுப்புச் சுவர் 2024 ஜனவரில சரிஞ்சு, ஒரு பக்க ரோடையே மூடி மாசக் கணக்கா டிராஃபிக்கைத் திருப்பி விட்டது ஞாபகம் இருக்கும். சென்னை தஞ்சாவூர் பக்கத்து பஸ் எல்லாம் பஞ்சப்பூர் போகணும்னா அந்த ஒத்தைப் பாதையை நம்பித்தான் போகணும். துவாக்குடி பக்கம் அசூர்லேர்ந்து மாத்தூர் வழியா பஞ்சப்பூர், அங்கேர்ந்து ஜீயபுரம் பக்கம்னு அரைவட்ட ரிங் ரோடு ஒண்ணு எத்தனையோ வருஷமாப் போட்டுக்கிட்டே இருக்காங்க, நடுவுல ஏரி குளமா வந்ததால அங்கங்க நின்னு நின்னு போச்சு. அது முழுசா முடிஞ்சு பஸ் அதுல ஓட ஆரம்பிச்சாதான் பஞ்சப்பூர் இந்த ஊருக்கு ஒரு மையம். அதுவரைக்கும் அது தெக்கு ஓரத்துல ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான்.

செலவு யாருக்கு ஏறுச்சுன்னும் பாக்கணும், ஏன்னா யாவாரம் அதுலேர்ந்துதான் புரியும். எங்க வீடு ஸ்ரீரங்கம். முன்னாடி மதுரைலேர்ந்து ராத்திரி வந்து சென்ட்ரல்ல இறங்குனா 1ஆம் நம்பர் பஸ், கண்ணை மூடிட்டு ஏறலாம். பஞ்சப்பூர் திறந்த புதுசுல அம்மாவைக் கூட்டிக்கிட்டு மதுரை போயிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்குனோம். டவுன் பஸ் அப்பதான் ஒண்ணு போயிருந்துச்சு, அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியல, ஆட்டோக்காரர் கேட்ட காசு நாங்க ரெண்டு பேரும் மதுரைலேர்ந்து வந்த டிக்கெட்டை விட ஜாஸ்தி. அம்மா பளபளன்னு இருக்குற டைல்ஸைப் பாத்துட்டு "ஏண்டா, தரையெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கான், வீட்டுக்குப் போறதுக்கு ஒரு வண்டி போட மறந்துட்டானே"ன்னாங்க. பகல்ல டவுன் பஸ் நிறைய இருக்கு, பொம்பளைங்களுக்கு சாதா டவுன் பஸ்ல டிக்கெட்டே கிடையாது, அவங்களுக்கு நஷ்டம் நேரம் மட்டும்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல மூட்டை முடிச்சோட புள்ளைகுட்டியோட வர்ற குடும்பத்துக்குத்தான் முழு அடியும். அந்தக் குடும்பம் இப்ப பஸ்ஸை விட்டுட்டு ரயிலுக்குப் போகுது, ஜங்ஷன் ஊருக்கு நடுவுலதானே இருக்கு. ஜங்ஷன்லேர்ந்து சென்ட்ரலுக்கு நடந்தே வந்துடலாம். ஆக, உங்க சித்தப்பா தெருவுக்கு ஆள் வர்ற ஒரு குழாய் அடைஞ்சிருக்கு, இன்னொரு குழாய் திறந்துதான் இருக்கு.

மத்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பாத்தா இதே கதைதான் விதவிதமா. மதுரைக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் 1999ல வந்துச்சு, வந்த புதுசுல ஊரே திட்டுச்சு, ஆனா பழைய பெரியார், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுங்க சாகல, பெரியார் டவுன் பஸ்ஸாலயும் பக்கத்துல ரயில்வே ஸ்டேஷனாலயும் பொழச்சிக்கிச்சு. மெட்ராஸ்ல கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் 30 திறந்தப்போ பக்கத்துல ரயில் ஸ்டேஷன் கிடையாது, மெட்ரோ கிடையாது, ஜனங்க பட்ட பாடு டிவில பாத்தீங்க. கோயம்புத்தூர்ல இன்னும் மோசம், வெள்ளலூர்ல 2020ல 168 கோடி மதிப்புல பஸ் ஸ்டாண்ட் ஆரம்பிச்சு, அஸ்திவாரம் தூணெல்லாம் ஏத்துனதுக்கு அப்புறம் இடம் சரியில்லன்னு பாதில நிறுத்திட்டாங்க. அதை நம்பி சுத்தி பிளாட் வாங்குனவங்களை நெனச்சுப் பாருங்க, இதை உங்க ரெண்டாவது கேள்விக்காக சொல்றேன். சேலம் வேற ரூட்டு எடுத்துச்சு, பழைய பஸ் ஸ்டாண்ட் இடத்துலயே ஈரடுக்கு கட்டி 2023 ஜூன்ல திறந்தாங்க. ஊர் நடுவுல இருந்த இடத்துலயே கட்டுனதால சுத்தி யாவாரம் அறுந்து போகல. கட்டி முடிக்கிற வரைக்கும் பட்ட கஷ்டம் தனி.

நம்ம ஊர்ல பழைய இடத்துலயே கட்டுனதுன்னா சத்திரம். அது நல்லா ஓடுது, ஏன்னா அந்தக் கூட்டம் மலைக்கோட்டை, தெப்பக்குளம், என்.எஸ்.பி ரோடு ஜவுளிக் கடைக்கு வர்ற கூட்டம், பஸ் ஸ்டாண்டுக்காக வந்த கூட்டம் இல்ல. அதே ஸ்மார்ட் சிட்டி காசுலதான் மேலப்புலிவார்டு ரோட்ல அடுக்குமாடி கார் பார்க்கிங்கும் கட்டுனாங்க. போய்ப் பாருங்க, உள்ள காத்து வாங்குது, வெளில தெரு முழுக்க கார் நிக்குது. துணி எடுக்க வந்தவன் கடை வாசல்ல நிறுத்தணும்னு பாப்பானே தவிர காசு குடுத்து மாடி ஏத்தி அங்கேர்ந்து நடந்து வருவானா? கீழ ரோட்ல நிறுத்துனா ஃபைன் போடுறதை ஒழுங்கா செஞ்சிருந்தா அந்த பில்டிங் நெறஞ்சிருக்கும். கட்டறதுக்கு டெண்டர் விட ஆள் இருக்கு, தெனமும் நின்னு ஃபைன் போட ஆள் இல்ல.

இனி இடம் வாங்குற கதை. பஞ்சப்பூர்ல பஸ் ஸ்டாண்ட் மட்டும் இல்ல, 2025 பிப்ரவரில ஐடி கம்பெனிங்களுக்கான டைடல் பார்க்குக்கும் அடிக்கல் நாட்டிருக்காங்க, 403 கோடி மதிப்புல. மார்க்கெட் வேற வருது. அதனால அந்தப் பக்கம் வளரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க வாங்குற பிளாட் வளருமா? விலை ஏறுற கதைல பெரிய பங்கு அறிவிப்பு வந்த அன்னிக்கே ஏறிடும், அடிக்கல் அன்னிக்கு இன்னொரு தடவை, திறப்பு விழாக்கு இன்னொரு தடவை. இப்ப போற நீங்க அதெல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் கடைசி வரிசைல நிக்குறீங்க. புரோக்கர் சொல்ற "பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து அஞ்சே நிமிஷம்"ங்கிற அஞ்சு நிமிஷம் ஹைவேஸ்ல நூறு ஸ்பீடுல போற அஞ்சு நிமிஷம், நீங்க நடந்து பாருங்க.

அடுத்தது தண்ணி. இதைப் பத்தி விளம்பரத்துல ஒரு வரி இருக்காது. பஞ்சப்பூர் பக்கத்துலயே கோரையாறு போகுது. வருஷத்துல பத்து மாசம் அதைப் பாத்தா ஆறுன்னு சொல்ல மாட்டீங்க, கருவேல முள்ளும் ஆகாயத்தாமரையுமா சாக்கடை மாதிரி கிடக்கும். 2005 நவம்பர்ல அது என்ன பண்ணுச்சுன்னு கருமண்டபம், எடமலைப்பட்டி புதூர் பக்கத்து ஆளுங்களைக் கேளுங்க, வீட்டுக்குள்ள படகு விட்ட கதை சொல்லுவாங்க. அப்ப நான் அந்தப் பக்கம் ஒரு சைட்ல வேலை பாத்துக்கிட்டிருந்தேன், அடுக்கி வச்ச சிமெண்ட் மூட்டை மொத்தமும் கல்லாப் போச்சு, ஓனர் என்னை விட்டு எண்ணச் சொன்னாரு, எண்ணி என்ன பிரயோஜனம். பஸ் ஸ்டாண்ட் இடமே பள்ளம்தான், மண்ணடிச்சு மேடாக்கித்தான் கட்டிருக்காங்க. ஒரு இடத்தை மேடாக்குனா அங்க நின்ன தண்ணி எங்கயாவது போயாகணும்ல, அது பக்கத்துல மேடாக்காத பிளாட்டுக்குப் போகும். அதனால பிளாட் லெவல் ரோடு லெவலை விட எவ்வளவு கீழ இருக்கு, மண்ணடிக்க எத்தனை லோடு ஆகும்னு மொதல்ல கணக்கு போடுங்க, சில பிளாட்டுக்கு மண்ணுக்கும் காம்பவுண்டுக்குமே லட்சக் கணக்குல போயிடும், "விலை கம்மியா கெடச்சுது"ங்கிற சந்தோஷம் அங்கேயே காலி.

இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க. ஊர்ச் சாக்கடைத் தண்ணியை சுத்திகரிக்கிற நிலையமும் பஞ்சப்பூர்லதான் இருக்கு, பஸ் ஸ்டாண்ட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்தே. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காலைலயும் ராத்திரியும் ஒரு தடவை போய் நின்னு பாருங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு புரோக்கர் கார்ல ஏசி போட்டுக்கிட்டுப் போனா மல்லிகைப் பூ வாசம்தான் வரும்.

பேப்பர் விஷயத்துல சுருக்கமா சொல்லிடுறேன், இதுக்கு ஒரு வக்கீல்ட்ட கொஞ்சம் காசு குடுத்துப் பாக்குறது நல்லது. பட்டா யார் பேர்ல இருக்கு, வில்லங்கம் குறைஞ்சது 30 வருஷத்துக்கு, மூலப் பத்திரம், சர்வே படம் இதெல்லாம் எல்லாரும் பாக்குறதுதான். அந்தப் பக்கத்துக்குன்னு தனியாப் பாக்க வேண்டியது, பழைய கிராமக் கணக்குல அந்த சர்வே நம்பர் வாய்க்கால், ஏரி, நீர்பிடிப்புன்னு எங்கயாவது வருதான்னு. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட அங்கீகாரமில்லாத மனைகளைத்தான் வரன்முறைப்படுத்துற திட்டத்துல சேர்த்தாங்க. அதனால "ரெகுலரைஸ் ஆயிடும் சார், அப்ளை பண்ணிருக்கோம்"னு இப்ப போட்ட லேஅவுட்டுக்கு எவனாவது சொன்னா டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பிடுங்க. புது லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல இருந்தா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பர் கேளுங்க, அந்த நம்பரை அவன் நோட்டீஸ்ல பாக்காம ரெரா வெப்சைட்ல நீங்களே போட்டுப் பாருங்க, நோட்டீஸ்ல இருந்த நம்பர் வேற லேஅவுட்டோடதா இருந்த கதையெல்லாம் நான் கண்ணால பாத்தது. ரிங் ரோடு, புது சாலைன்னு நிலம் எடுக்குற எல்லைக்குள்ள சர்வே நம்பர் வருதான்னும் விஏஓ ஆபீஸ்லயும் நெடுஞ்சாலைத்துறை ஆபீஸ்லயும் கேட்டுருங்க.

காலம்ங்கிறது ஒண்ணு இருக்கு. அரசாங்கம் சொல்ற தேதியை நம்பி ஈஎம்ஐ கட்டாதீங்க. ஜங்ஷன் பக்கத்துல அரிஸ்டோ மேம்பாலம் 2014ல ஆரம்பிச்ச வேலை. மத்த பக்கம் இறங்குற கையெல்லாம் முடிஞ்சிடுச்சு, சென்னை பக்கம் போற ஒரு கை மட்டும் ராணுவ நிலம் 66 சென்ட் கிடைக்காம வருஷக் கணக்கா அந்தரத்துல நின்னுச்சு, 2023லதான் முடிச்சாங்க. அறுபத்தாறு சென்ட்! ரெண்டு கல்யாண மண்டபம் கட்டுற இடம், அதுக்கு ஊரே அத்தனை வருஷம் சுத்திப் போச்சு. ஏர்போர்ட்டு புது டெர்மினலும் 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் வந்து திறந்து வச்சாரு, பயணிங்க உள்ள போனது ஜூன்ல. பஞ்சப்பூரும் மே மாசம் திறந்து ஜூலைல ஓடுச்சுன்னு மேலயே சொன்னேன். ரிப்பன் வெட்டுற தேதி வேற, பஸ் ஓடுற தேதி வேற, உங்க பிளாட் முன்னாடி தெருவிளக்கு எரியுற தேதி இன்னும் வேற. டைடல் பார்க்ல ஆள் வந்து உக்காந்து, அவன் வாடகைக்கு வீடு தேடி, அதுக்கு அப்புறம்தான் உங்க பிளாட்டுக்கு நெஜமான கிராக்கி.

அதனால என் யோசனை இதுதான், நீங்க எடுத்துக்கலாம் விட்டுடலாம். 18 லட்சமும் உங்க மொத்த சேமிப்புன்னா அதை பஞ்சப்பூர் பிளாட்டுல முழுசாப் போடாதீங்க, பத்து வருஷத்துக்கு அந்தப் பணத்தைத் தொட வேண்டி வராதுன்னா மட்டும் யோசிங்க, அதுவும் நீங்களே வீடு கட்டிக் குடி போற எண்ணம் இருந்தா. அப்படிக் குடி போறதா இருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு ஒட்டி வேண்டாம், எடமலைப்பட்டி புதூர், ராமச்சந்திரா நகர் மாதிரி ஏற்கனவே ஜனங்க இருக்குற, ஸ்கூலும் மளிகைக் கடையும் இருக்குற பக்கத்துல மேடான தெருவாப் பாருங்க, சதுர அடி விலை கூட இருந்தாலும் இடம் சின்னதா வாங்கிக்கலாம். அங்க டவுன் பஸ் வழில நிக்கும், அதுதான் உங்களுக்கு பஸ் ஸ்டாண்ட்.

சித்தப்பா கடைக்கு: ராக்கின்ஸ் ரோட்டை உடனே விட வேண்டாம். ஓனர்ட்ட போய் பஸ் இருந்தப்போ போட்ட வாடகை இப்ப கட்டாதுன்னு உக்காந்து பேசச் சொல்லுங்க, பக்கத்துல எத்தனை ஷட்டர் மூடிக் கிடக்குன்னு ஓனருக்கும் தெரியும், காலியா விடுறதுக்குக் கொறச்சு வாங்கலாம்னு எறங்கி வருவாரு. டவுன் பஸ் இன்னும் அங்கேர்ந்து ஓடுது, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ஜங்ஷன் எங்கயும் போகல, ஆனா கூட்டம் வர்ற நேரம் மாறிருக்கும். முன்னாடி ராத்திரி பன்னண்டு வரைக்கும் ஓடுன கடை இப்ப காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் ஓடும், அதுக்குத் தகுந்த மாதிரி ஆளையும் சரக்கையும் கொறைக்கணும், ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு இளநீர், கஞ்சி, பழம் கட்டு இதெல்லாம் சேர்த்துப் பாக்கலாம். ராத்திரி யாவாரம் விட்டுப் போனதுக்கு வேணும்னா மன்னார்புரம், டிவிஎஸ் டோல்கேட் பக்கம் ஒரு தள்ளுவண்டி போட்டு ரெண்டு மாசம் பாக்கச் சொல்லுங்க, நாள்பட்ட அட்வான்ஸ் எதுவும் குடுக்காம. அது ஓடுனா அங்க ஒரு சின்னக் கடை, ஓடலன்னா வண்டியைத் திரும்ப தள்ளிட்டு வந்துடலாம், சக்கரம் இருக்குல்ல.

பிளாட் பாக்கப் போறதா இருந்தா ஐப்பசி கார்த்திகைல ரெண்டு நாள் விடாம மழை பேஞ்ச மறுநாள் காலைல போங்க, புரோக்கர்ட்ட சொல்லாமப் போங்க. அங்க ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருப்பாரு, 2005ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு தாத்தான்னு கேளுங்க, கையைக் காட்டுவாரு. அவர் கை உங்க பிளாட்டைத் தாண்டிப் போச்சுன்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, வேற பக்கம் ரெண்டு இடம் எனக்குத் தெரியும், கமிஷன் எல்லாம் வேண்டாம்.